லாரி டியூபில் சித்தூர்ப்புழை: மிதக்கவும் கரையில் தங்கவும்

ஆந்திரச் சித்தூரைச் சொல்லவில்லை, பாலக்காட்டுச் சித்தூர். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் சித்தூர்ப்புழை ஆகிவிடுகிறது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. இந்த வழியாக வர வேண்டும். மழையை மட்டுமல்ல, மேலே உள்ள அணையின் ஷட்டரையும் பார்த்து ஓடுகிற ஆறு இது. சித்தூருக்குப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் வெயில் கொளுத்தும்போதே தண்ணீர் ஏறலாம். 2024 ஜூலையில் நடு ஆற்றுப் பாறையில் சிக்கிய நான்கு பேரைத் தீயணைப்புத் துறையினர் மீட்டது இதே ஆற்றில்தான். டிசம்பர், ஜனவரியில் போங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டவே வேண்டாம்.

1. முதலில் கரையோடு நடங்கள்

முதல் தடவைக்கு 2 கி.மீ. போதும். இறங்கும் இடத்திலிருந்து ஏறும் இடம் வரை முழுக்க நடந்து பாருங்கள். இடையில் தடுப்பணை இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், அது இடுப்பளவு உயரமே ஆனாலும் சரி. மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு மறுபடி அணையை நோக்கியே வரும். டியூபோடு விழுந்தவரை வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். டியூபில் படுத்திருப்பவர் கண்ணுக்குத் தடுப்பணை தெரியாது, தண்ணீர் சட்டென்று முடிவது போல ஒரு கோடுதான் தெரியும். ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும் மூங்கில் புதரும் ஆபத்துதான். தண்ணீர் அதனுள் நுழைந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார்.

வேகத்தை அளக்கத் தேங்காய் மட்டை ஒன்று போதும். கரையில் 10 மீட்டர் குறித்துக்கொண்டு மட்டையை வீசுங்கள். 20 விநாடி எடுத்தால் நல்ல வேகம், 2 கி.மீ.க்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 10 விநாடியிலேயே கடந்துவிட்டால் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து மீன் வறுத்துச் சாப்பிடலாம்.

2. டியூப்

கடற்கரைக் கடையில் தொங்கும் வண்ணப் பிளாஸ்டிக் வளையம் முதல் பாறையிலேயே கிழியும். பஞ்சர் கடையில் பழைய 10.00-20 லாரி டியூப் கேளுங்கள். காற்றடித்தால் சுமார் 100 லிட்டர் கொள்ளும், 80 கிலோ ஆளைத் தாராளமாகத் தாங்கும்.

பலரும் கோட்டை விடுவது வால்வில். டியூபின் உள்வளையத்தில் நீளமான பித்தளைத் தண்டு துருத்திக்கொண்டிருக்கும். அப்படியே உட்கார்ந்தால் பாறையில் டியூப் ஏறி இறங்கும்போது அது முதுகைக் கிழிக்கும். காற்றடித்து முடித்ததும் மூடியை இறுக்கத் திருகி, தண்டை டியூபின் மேலேயே படியவைத்து, மேலே நான்காக மடித்த பழந்துணி வையுங்கள். சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, லாரி டியூபையும் தண்டையும் சேர்த்து ஐந்தாறு சுற்று இறுக்கிக் கட்டுங்கள். உட்காரும்போது அந்தக் கட்டு கால்பக்கம் இருக்கட்டும். பிளாஸ்டிக் டேப் நனைந்தால் கழன்றுவிடும்.

சுருக்கம் மறையும் வரை மட்டும் காற்று அடியுங்கள். டயருக்கு வெளியே இருக்கும் டியூபுக்கு டயர் அழுத்தம் ஆகாது, பலவீனமான பக்கம் பலூன் மாதிரி உப்பிவிடும். கறுப்பு ரப்பர் வெயிலில் சூடேறினால் உள்ளே காற்று இன்னும் விரியும். அதனால் கரையில் வைப்பதானால் நிழலில் வையுங்கள். ஊரிலேயே அடித்துவிட்டால் காரில் நுழையாது. காலியாகக் கொண்டுபோய் 12 வோல்ட் கம்ப்ரசரால் அங்கே நிரப்புங்கள். கைப்பம்பு தோளை வாங்கிவிடும்.

3. தண்ணீரில்

டியூப் இருக்கிறதே என்று லைஃப் ஜாக்கெட்டை விடாதீர்கள். கவிழ்ந்தால் டியூப் ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம். டியூப்களைக் கயிற்றால் பிணைக்காதீர்கள், பாறையின் இரு பக்கமும் பிரிந்தால் கயிறு மாட்டி இழுக்கும். விழுந்தால் முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கக் கூடாது, கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் ஆறு ஆளை முன்னால் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால் முன்னால் போகும்படி மிதந்து கரைக்கு ஒதுங்குங்கள். பின்பட்டை உள்ள செருப்பு கட்டாயம். உடம்பில் ஆறாத புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு.

இறங்குமுன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். அரை மணியில் இரண்டு விரல் ஏறினாலும், தண்ணீர் கலங்கிச் சருகு அடித்து வந்தாலும் அன்றைக்கு மிதப்பது இல்லை.

4. கூடாரம்

வெள்ளை மணல் திட்டு கூப்பிடும், போகாதீர்கள். புதர்களில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக்கும் தொங்கும் உயரம்தான் போன வெள்ளம் வந்த உயரம். அதற்கு மேலே, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள். தென்னைக்குக் கீழே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று இரவெல்லாம் தள்ளும், கூடாரத்தின் தாழ்ந்த பக்கம் கிழக்கே இருக்கட்டும். மண் பொலபொலவென்றிருந்தால் முளை நிற்காது. பையில் மண் நிரப்பி, கயிறு கட்டி, முழ ஆழத்தில் புதையுங்கள். குடிநீர் தலைக்கு 4 லிட்டர்.

பின்சேர்க்கை: கரையில் விசாரிக்கும்போது “புழையில் வெள்ளம் உண்டு” என்று சொன்னால் பயந்து திரும்ப வேண்டாம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். நாம் வெள்ளம் என்பதை அவர்கள் “வெள்ளப்பொக்கம்” என்பார்கள், அது காதில் விழுந்தால் மட்டும் டியூபைச் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள்.