பழைய ஆக்டேவியா ஆர்எஸ்: டர்போ பூஸ்ட் குறைந்தால் எங்கிருந்து தேடுவது?

2004-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இன்று இருபது வயதைக் கடந்த கார். அதன் 1.8 லிட்டர், இருபது வால்வு டர்போ பெட்ரோல் எஞ்சின் இங்கே 150 குதிரைத்திறன் தந்தது. ஐரோப்பாவில் அதே பெயரில் விற்ற காருக்கு 180. இந்த வயதுக் கார்களைப் பற்றி அடிக்கடி எழும் புகார், பழைய பிக்கப் இல்லை என்பது. அதற்குப் பட்டறைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், டர்போ போய்விட்டது, மாற்றிவிடலாம் என்பது. அந்தப் பதிலை உடனே ஏற்க வேண்டியதில்லை. டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் பாகம்; அது தரும் கூடுதல் காற்றழுத்தமே பூஸ்ட். இந்த எஞ்சினில் டர்போவைவிட, அதைச் சுற்றியுள்ள ரப்பர் குழாய்களும் சிறு வால்வுகளும்தான் முதலில் தளர்கின்றன. டர்போவைச் சந்தேகிப்பது வரிசையில் கடைசியாக வரவேண்டியது.

ஸ்பேனரை எடுக்கும் முன், குறை எப்படி வெளிப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போதும் ஒரே மாதிரி மந்தமாக இழுக்கிறது என்றால் காற்று எங்கோ கசிகிறது, அல்லது வேஸ்ட்கேட் (டர்போவைச் சுழற்றும் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிட்டுப் பூஸ்டை அடக்கும் கதவு) முழுவதும் மூடவில்லை என்று கொள்ளலாம். மாறாக, மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்த நேரத்தில் நன்றாக இழுத்துவிட்டுத் திடீரெனச் சக்தி அறுந்து, காரை நிறுத்தி இக்னிஷனை அணைத்துப் போட்டதும் மீண்டும் சரியாகிவிட்டால், அது பெரும்பாலும் பூஸ்ட் அளவுக்கு மீறியதால் இ.சி.யூ. (எஞ்சினை இயக்கும் கணினி) எஞ்சினைக் காக்க லிம்ப் மோடு என்னும், சக்தியைக் குறைத்து ஓட்டும் நிலைக்குப் போன அடையாளம். இரண்டும் ஓட்டுபவருக்கு ஒரே குறையாகத் தோன்றினாலும் அவற்றின் காரணங்கள் நேர் எதிரானவை. முன்னதற்கு உரிய வைத்தியத்தைப் பின்னதற்குச் செய்தால் குறை இன்னும் மோசமாகும்.

அடுத்து ஸ்கேனர். சாதாரண புளூடூத் ஸ்கேனர் இந்தத் தலைமுறைக் காரில் பிழைக் குறியீட்டைக் காட்டக்கூடும். ஆனால் நமக்கு வேண்டிய எண்களை முழுமையாகத் தருவது வி.சி.டி.எஸ். போன்ற, ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கென்றே உள்ள மென்பொருள்தான். 17705 என்ற குறியீடு, டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) இடையே அழுத்தம் விழுகிறது என்று சொல்கிறது. 17963 பூஸ்ட் மேல்வரம்பைத் தாண்டியது என்கிறது. 17608, ஆக்சிலரேட்டரை விட்டதும் மிகுந்த காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு அமைப்பைச் சுட்டுகிறது. குறியீடு எந்தப் பகுதியில் தேடுவது என்று மட்டுமே சொல்லும். அதைப் படித்த கையோடு பாகம் வாங்கப் போவது பணத்தை வீணாக்கும் வழி.

உண்மையில் பேசுவது 115-ஆவது மெஷரிங் பிளாக், அதாவது ஸ்கேனர் மென்பொருளில் அளவுகளைக் காட்டும் எண்ணிட்ட பக்கங்களில் ஒன்று. அதில் இ.சி.யூ. கேட்கும் பூஸ்ட், உண்மையில் கிடைக்கும் பூஸ்ட் ஆகிய இரண்டும் மில்லிபாரில் அருகருகே தெரியும். இவை வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அளவுகள் என்பதால், சென்னையில் 1500 என்று காட்டினால் உண்மையான பூஸ்ட் ஏறத்தாழ 0.5 பார்தான். எனவே முதல் வேலையாக, எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு அந்த எண்ணைப் பாருங்கள். சென்னையில் 1010-ஐ ஒட்டியும், பெங்களூரில் 910-ஐ ஒட்டியும், ஊட்டியில் 780-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். கணிசமாக விலகினால் பூஸ்ட் சென்சாரே பொய் சொல்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதை அளந்தாலும் பயனில்லை.

பிறகு மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 2000 சுற்றிலிருந்து முழு ஆக்சிலரேட்டரில் பதிவு எடுக்க வேண்டும். மூன்றாம் கியரில் 4500 சுற்றிலேயே வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கிவிடும் என்பதால் அதற்கு மேல் பொதுச் சாலையில் போக வேண்டாம். டைனோ (வண்டியை உருளைகள்மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) கிடைத்தால் அதுவே சிறந்தது. மடிக்கணினியைப் பார்க்கப் பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருக்கட்டும். 115-உடன் 118-ஐயும் சேர்த்துப் பதிவுசெய்தால், வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான என்75-க்கு இ.சி.யூ. எத்தனை சதவீதம் கட்டளை தருகிறது என்பதும் தெரியும்.

பதிவைப் படிப்பது கடினமன்று. கேட்டது அதிகம், கிடைத்தது குறைவு, என்75-இன் சதவீதம் உச்சத்தை ஒட்டி நிற்கிறது என்றால், இ.சி.யூ. தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. காற்று கசிகிறது, வேஸ்ட்கேட் திறந்தே நிற்கிறது, அல்லது டர்போ உண்மையிலேயே சோர்ந்துவிட்டது. கேட்டதைவிடக் கிடைத்தது அதிகம், சதவீதமோ தாழ்வாக இருக்கிறது என்றால், வேஸ்ட்கேட் திறக்க மறுக்கிறது. கேட்டதே குறைவாக இருந்தால் குழாய்களைத் தொடவே வேண்டாம். சூடான காற்று, எஞ்சின் தட்டுதல் (பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது), தவறான சென்சார் அளவு போன்ற ஏதோ ஒன்றால் இ.சி.யூ. தானே அடக்கி வாசிக்கிறது. இந்த மூன்றாம் வகையைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண பெட்ரோலில், சித்திரை வெயிலில் ஓடும் வண்டியில் 20-ஆவது பிளாக்கைப் பார்த்தால், எஞ்சின் தட்டுவதைத் தவிர்க்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை டிகிரி இக்னிஷன் பின்தள்ளப்படுகிறது என்பது தெரியும். உயர் ஆக்டேன் பெட்ரோல் ஒரு டேங்க் நிரப்பி ஓட்டிவிட்டு மீண்டும் பார்ப்பது செலவு குறைந்த சோதனை.

கசிவு என்று தெரிந்தால் கண்ணால் தேடுவதை நம்ப வேண்டாம். இந்தக் குழாய்கள் கிளிப்புக்கு அடியிலும், வளைவின் கீழ்ப்பக்கத்திலும்தான் வெடிக்கும். எஞ்சின் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்து அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் வெடிப்புகளும் உண்டு. சரியான வழி அழுத்தச் சோதனை. ஏர் ஃபில்டருக்குப் பின்னால், உள்ளே போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சாரைக் கழற்றி, டர்போவுக்குப் போகும் குழாயின் வாயில் பொருந்தும் பி.வி.சி. மூடி ஒன்றில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, கிளிப் போட்டு இறுக்கிக் கம்ப்ரஸரால் மெதுவாகக் காற்று ஏற்ற வேண்டும். 0.7 பாருக்கு மேல் போக வேண்டாம். கிரான்க்கேஸ் பிரீதர் குழாயை (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை வெளியேற்றுவது) முன்கூட்டியே அடைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அழுத்தம் எஞ்சினுக்குள் புகுந்து ஆயில் சீல்களைத் தள்ளும். மூடிக்கு நேர் எதிரே நிற்கவும் கூடாது, அது கழன்றால் துப்பாக்கிக் குண்டுபோல் வரும். வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகச் சைலன்சரில் ஒரு மெல்லிய சீறல் கேட்பது இயல்பே. மற்ற இடங்களில் சோப்பு நீரைத் தெளித்துப் பார்த்தால் கசியும் இடம் நுரைத்துக் காட்டிவிடும். முன் வலது சக்கரத்துக்கு முன்னால், பம்பருக்குள் மறைந்து டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் இரு முனைகள், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிரீதர் குழாய்கள், அங்குள்ள ஒருவழி வால்வுகள் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். மேனிஃபோல்டின் அடிப்பக்கம் எண்ணெய் ஆவியிலும் வெப்பத்திலும் ஊறிய இடம். அங்குள்ள ரப்பரை விரலால் அழுத்தினால் மாவாக நசுங்கும் அல்லது ஓடாக உடையும். ஒன்று அப்படி இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம்.

கசிவு எந்தப் பகுதியில் என்பதை 32-ஆவது பிளாக்கில் உள்ள எரிபொருள் திருத்த எண்களும் ஓரளவு சொல்லும். டர்போவுக்கு முந்திய குழாயில் ஓட்டை இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே வந்துவிடுவதால் இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே ஓட்டை இருந்தால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஒன்றும் தெரியாது. பூஸ்ட் ஏறும்போது அளக்கப்பட்ட காற்று வெளியேறி, கலவை மிகுந்து, கறுப்புப் புகை வரும். மேனிஃபோல்டில் ஓட்டை என்றால் ஐடிலில் ஒரு விதமாகவும் பூஸ்டில் அதற்கு எதிராகவும் காட்டும்.

டைவர்ட்டர் வால்வைத் தனியாகச் சோதிக்க வேண்டும், ஏனெனில் அதன் கசிவு வெளியே தெரியாது. டர்போ தள்ளிய காற்று மீண்டும் டர்போவின் வாய்க்கே திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும். வால்வைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் மேலே தள்ளி, அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள சிறு குழலின் வாயை மற்றொரு விரல்நுனியால் அடைத்து, பிஸ்டனை விட்டுவிடுங்கள். அது மேலேயே நிற்க வேண்டும். உடனே இறங்கிவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது. இதற்கு உலோக வால்வு வாங்கச் சொல்வோர் உண்டு. கம்பெனி அளவில் பூஸ்ட் வைத்து ஓட்டுபவருக்கு அசல் வகையே போதும்.

என்75 வால்வுக்கு மூன்று முனைகள்: ஒன்று டர்போவின் அழுத்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஒன்று வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கு (காற்றழுத்தம் வந்ததும் ஒரு தண்டைத் தள்ளி வேஸ்ட்கேட்டைத் திறக்கும் பாகம்) போகிறது, மூன்றாவது டர்போவுக்கு முந்திய குழாயில் காற்றை வெளியேற்றுகிறது. மின்சாரம் இல்லாதபோது அழுத்தம் நேராக ஆக்சுவேட்டருக்குப் போகும். ஆகவே என்75 செத்தால் பூஸ்ட், ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் அளவான ஏறத்தாழ 0.3–0.4 பாருக்கு மேல் ஏறாது. மூன்றாவது குழாய் அடைத்துக்கொண்டாலும் பூஸ்ட் குறையும். ஆனால் முதல் இரண்டு சிறு குழாய்களில் ஒன்று கிழிந்தால் ஆக்சுவேட்டருக்குச் செய்தியே போகாது, பூஸ்ட் எல்லை மீறும். பெரிய குழாயின் ஓட்டை பூஸ்டைக் குறைக்கும், சிறிய குழாயின் ஓட்டை கூட்டும் என்பது இதனால்தான். வால்வின் மின்தடையை மல்டிமீட்டரில் பார்த்தால் 25 முதல் 35 ஓம்வரை இருக்க வேண்டும். ஆக்சுவேட்டரை மீட்டர் உள்ள கைப்பம்பால் சோதிக்கலாம்: மேற்சொன்ன ஸ்பிரிங் அழுத்தத்தை ஒட்டித் தண்டு அசையத் தொடங்க வேண்டும், பம்பை நிறுத்திய பின் முள் இறங்கக் கூடாது. கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் இந்தத் தண்டின் இணைப்பு துருவேறி இறுகிக்கொள்வதுண்டு. பூஸ்ட் குறைகிறது என்று தண்டின் நட்டைத் திருகி இறுக்கும் கைவைத்தியத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அது காரணத்தை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

காற்றோட்ட சென்சாரை 3-ஆவது பிளாக்கில் பார்க்கலாம். ஐடிலில் விநாடிக்கு 2 முதல் 4 கிராம்வரை காட்டும். முழு ஆக்சிலரேட்டரில் உயர் சுற்றில், குதிரைத்திறனை 0.8-ஆல் பெருக்கிய எண்ணை ஒட்டி வரவேண்டும். 150 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 120 கிராம். இதை டைனோவில்தான் பார்க்க முடியும். அது இல்லையெனில், சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டும்போது வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தால் சென்சார் மீதான சந்தேகம் உறுதியாகிறது.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் பூஸ்ட் ஏறாவிட்டால், எக்ஸாஸ்டில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் பொருத்தி, நின்ற இடத்தில் 2500 சுற்றில் ஓடவிட்டால் 0.2 பாருக்கு மேல் காட்டக் கூடாது.

அதன் பிறகே டர்போ. எஞ்சின் ஆறிய பின் டர்போவுக்கு முந்திய குழாயைக் கழற்றி, டர்போவுக்குள் உள்ள இறக்கைச் சக்கரத்தின் நடுத் தண்டை விரல்களால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு, ஆயில் அழுத்தம் வந்ததும் அது அடங்கிவிடும். முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தாலோ, இறக்கைகள் உறையின் சுவரில் உராய்ந்த கோடுகள் தெரிந்தாலோ டர்போ முடிந்தது. குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் குற்றமன்று. தேங்கி நின்றால்தான் குற்றம். மாற்றுவது என்று முடிவானால் ஆயில் கொண்டுவரும் இரும்புக் குழாயையும் உடன் மாற்ற வேண்டும். அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெப்பத்துக்கு அருகே செல்வதால் உள்ளே ஆயில் கருகிப் படிந்து வழி குறுகியிருக்கும். ஆயில் சம்ப்பை (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இறக்கி, அதன் வடிகட்டியில் கசடு இல்லை என்று பார்த்த பிறகே புதிய டர்போவைப் பூட்டச் சொல்லுங்கள். இந்த வேலைக்குக் கூடுதல் கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.