நாக் சென்சருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்த பிறகு டைமிங்கைத் தொடுங்கள்

லேப்டாப்பை மாட்டி இக்னிஷன் டைமிங்கை (பிளக்கில் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதை) மாற்றத் தொடங்கும் பலர், "நாக் சென்சர்தான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்று அட்வான்ஸை ஏற்றிக்கொண்டே, அதாவது ஸ்பார்க்கை இன்னும் முன்கூட்டியே விழவைத்துக்கொண்டே போகிறார்கள். இது ஆபத்து. அந்த சென்சருக்கு நாக்கிங் (சிலிண்டரில் இன்னும் எரியாத கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) என்றால் என்னவென்றே தெரியாது, பிளாக்கில் வரும் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றி அனுப்பும் பீசோ படிகம் அது, அவ்வளவுதான். வால்வு மூடும் சத்தம், இன்ஜெக்டர் தட்டும் சத்தம், இன்ஜின் சூடாகும் முன் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். எதை, எப்போது கேட்க வேண்டும், எவ்வளவுக்கு மேல் போனால் பயப்பட வேண்டும் என்பதை இசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

ராலிகளில் நிறைய ஓடிய மாருதி எஸ்டீம், ஜிப்சியின் 1.3 லிட்டர் ஜி13 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். அதில் தனி இசியூ மாட்டி, நடுவில் ஓட்டை உள்ள வளைய வகை சென்சர் ஒன்றும் வாங்கிவிட்டீர்கள். அதை பிளாக்கில் 2, 3வது சிலிண்டர்களுக்கு நடுவே, முடிந்தவரை மேலே மாட்டுங்கள். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில், தகட்டில் எல்லாம் வேண்டாம். மாட்டும் இடம் பெயிண்ட், துரு இல்லாமல் சமமாக இருக்க வேண்டும், சென்சருக்கு அடியில் வாஷர் கூடவே கூடாது. 8 மி.மீ. போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து சுமார் 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கூடினாலும் குறைந்தாலும் சிக்னல் மாறும், அதோடு பிளாக் அலுமினியம் என்பதால் அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். ஒயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், ஷீல்டை இசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

அடுத்து, சென்சர் எந்த அதிர்வெண்ணைக் கேட்க வேண்டும் என்பது. 1800ஐ பை (3.14) என்ற எண்ணாலும், மி.மீ.யில் உள்ள போர் அளவாலும் (சிலிண்டரின் உள்விட்டம்) வகுத்தால் கிலோ ஹெர்ட்ஸில் தோராயமான விடை கிடைக்கும். இந்த இன்ஜினின் போர் 74 மி.மீ., அதனால் 7.7 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அங்கே மற்ற சத்தம் அதிகமாக இருந்தால் அதன் இரு மடங்கையும் கேட்டுப் பாருங்கள். நாக்கிங் எரிதல் நடக்கும்போதுதான் வரும், ஆகவே பிஸ்டன் உச்சியைத் தாண்டி 10 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை மட்டும் கேட்கும்படி விண்டோவை வையுங்கள், பாதி இரைச்சல் இதிலேயே போய்விடும்.

இப்போது, பலரும் தாண்டிப் போகும் வேலை. முதலில் டைமிங் லைட் வைத்து, லேப்டாப் காட்டும் டிகிரியும் புல்லியில் தெரியும் டிகிரியும் ஒன்றா என்று பாருங்கள், இல்லையென்றால் மேலே போகவே வேண்டாம். அப்புறம் டைமிங் டேபிள் முழுவதும் 5, 6 டிகிரி ரிடார்ட் செய்து (ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி), 95 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் கூடினால் நாக்கிங் குறையும்) போட்டு, நன்றாகச் சூடான இன்ஜினை ஃபுல் த்ராட்டிலில் கீழிருந்து ரெட்லைன் (அனுமதிக்கப்பட்ட உச்ச ஆர்பிஎம்) வரை இழுத்து லாக் (லேப்டாப்பில் பதிவு) எடுங்கள். நாக்கிங் வர வாய்ப்பே இல்லாத இந்த ஓட்டத்தில் பதிவாகும் சத்தம்தான் உங்கள் இன்ஜினின் இயல்பான இரைச்சல். ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறும், அதனால் எல்லா ஆர்பிஎம்முக்கும் ஒரே எல்லை வைத்தால் கீழே நாக்கிங்கைத் தவறவிடும், மேலே சும்மா சும்மா டைமிங்கைக் குறைக்கும். ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் இயல்பு இரைச்சலின் இரு மடங்கு அளவில் எல்லையை வைத்துத் தொடங்குங்கள்.

சென்சர் நிஜமாகவே கேட்கிறதா என்று சோதிக்க, 2500 ஆர்பிஎம் பக்கம் மிதமான லோடில் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, காதுக்கு மெல்லிய கிணுகிணு சத்தம் எட்டும்போது லாகில் அதே நொடியில் முள் போல ஒரு கோடு எழுகிறதா என்று பாருங்கள். எழுந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையை அதிக ஆர்பிஎம்மில் ஒருபோதும் செய்யாதீர்கள், அங்கே உங்கள் காதுக்குக் கேட்பதற்குள் பிஸ்டன் அடிபட்டுவிடும்.

டைமிங் தேடும் வேலையை டார்க்தான் (இன்ஜினின் முறுக்கு விசை) செய்ய வேண்டும், சென்சர் இல்லை. டைனோவில் (டார்க்கை அளக்கும் இயந்திரத்தில்) ஒரு டிகிரி ஏற்றுகிறீர்கள், டார்க் ஏறவில்லை, அங்கேயே நிறுத்துங்கள், நாக்கிங் வரவில்லையே என்று மேலே போவதில் ஒரு பயனும் இல்லை. டார்க் ஏறிக்கொண்டிருக்கும்போதே நாக்கிங் வந்துவிட்டால் அங்கிருந்து 2, 3 டிகிரி இறங்கி வந்து நில்லுங்கள். தினமும் 91 ஆக்டேன்தான் போடுவீர்கள் என்றால் டியூனிங்கையும் அதிலேயே முடியுங்கள்.

பாதுகாப்பு அமைப்பில், நாக்கிங் வந்ததும் 3 டிகிரி உடனே குறையட்டும், திரும்ப ஏறுவது நிதானமாக, நொடிக்கு அரை டிகிரி போல இருக்கட்டும். மொத்தக் குறைப்புக்கும் 8 டிகிரி போல ஒரு உச்சவரம்பு வையுங்கள், ஏனென்றால் ரிடார்ட் அதிகமானால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். இன்னொன்று, ஸ்பார்க் வருவதற்கு முன்பே சூடான பிளக் முனையோ கார்பனோ பற்றவைத்துவிட்டால் ரிடார்ட் செய்து பலனில்லை, சென்சர் காப்பாற்றாது. பிளக் முனையின் சூடுதான் காரணம் என்றால் ஒரு படி குளிர்ச்சியான ஸ்பார்க் பிளக்தான் வழி. கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளியோ பளபளக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால், லாக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை நம்பாமல் டைமிங்கைக் குறையுங்கள்.

கடைசியாக, டிசம்பரில் டியூன் செய்த வண்டியை மே மாத மதியத்தில், டிராஃபிக்கில் நன்றாகக் காய்ந்த பிறகு ஒருமுறை ஓட்டி லாக் எடுங்கள். உள்ளே போகும் காற்றின் சூடு ஏறும்போது டைமிங் தானாகக் குறையும்படி தனி டேபிள் இருக்கும், அதை நிரப்ப வேண்டிய நேரம் அதுதான்.