‘சீக்கிரம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிடுவோம்’ என்று பையர் சொன்னால் எதைப் பார்க்கணும்?

ஐரோப்பாவில் உள்ள மாண்டினீக்ரோ நாட்டுப் பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவர் திருப்பூருக்கு மெயில் போடுகிறார்: நாங்கள் ஒன்றியத்தில் சேரப்போகிறோம், அதை மனதில் வைத்து வருஷ ஆர்டருக்கு விலை சொல்லுங்கள். உடனே தலையாட்டாதீங்க. அந்த நாடு எங்கே நிற்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

‘வேட்பாளர் நாடு’, அதாவது சேர விண்ணப்பம் போட்டு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடு என்ற பட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். துருக்கி 1999-லிருந்து வேட்பாளர்தான். யூரோவில் பணம் வருகிறதே என்றும் ஏமாற வேண்டாம், மாண்டினீக்ரோ உறுப்பினர் ஆகாமலே 2002-லிருந்து யூரோவைத்தான் புழங்குகிறது.

பார்க்க வேண்டியது, எத்தனை அத்தியாயம் மூடியிருக்கிறது என்பதை. ஒன்றியத்தின் சட்டங்களை அத்தியாயங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பேசுவார்கள், பேச ஆரம்பித்தால் ‘திறந்தது’, பேசி முடித்தால் ‘மூடியது’. திறப்பது சுலபம், மூடுவதில்தான் இழுக்கும். மாண்டினீக்ரோவின் ஜனத்தொகை சுமார் ஆறேகால் லட்சம், நம்ம திருப்பூர் மாநகராட்சியை விடக் குறைவு. 2012-ல் பேச்சைத் தொடங்கி 2020-க்குள் 33 அத்தியாயங்களையும் திறந்துவிட்டார்கள், ஆனால் 2017-ல் மூன்றாவதை மூடினதோடு சரி, அடுத்து மூடியது 2024 டிசம்பரில். காரணம் 23, 24 என்ற இரண்டு அத்தியாயங்கள். நீதிமன்றம், ஊழல் ஒழிப்பு, போலீஸ் எல்லாம் அதில்தான் வருகிறது, அங்கே இடைக்கால இலக்குகளைத் தாண்டாமல் மேற்கொண்டு எதையும் மூட விடமாட்டார்கள். அதை அவர்கள் தாண்டியதே 2024 ஜூனில்தான். அதனால் எந்த நாடாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் பங்காளிச் சண்டை இருக்கிறதா என்று பாருங்க. 27 நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒன்று முறுக்கிக்கொண்டாலும் வேலை நின்றுவிடும். கிரீஸ் பெயரை எதிர்த்ததால் மாசிடோனியா 2019-ல் பெயரையே ‘வடக்கு மாசிடோனியா’ என்று மாற்றியது, அடுத்த வருஷமே பல்கேரியா குறுக்கே நின்றது. பாவம்தான்.

எல்லாம் மூடினாலும் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒவ்வொரு உறுப்பு நாடும் அதை அங்கீகரிக்க வேண்டும். கடைசியாகச் சேர்ந்த குரோஷியா 2011 ஜூனில் பேச்சை முடித்தது, உள்ளே போனது 2013 ஜூலை 1-ல். ஆக, கடைசி அத்தியாயம் மூடின பிறகும் இரண்டு வருஷம் ஆகலாம்.

சேரும் நாள் வரை அந்த நாட்டின் சுங்க வரிதான், சேர்ந்த பிறகு ஒன்றியத்தின் பொது வரி. நீங்கள் எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றித் தருவது வரை மட்டும் நம் செலவு) கொடுத்தால் இறக்குமதி வரி பையர் பாடு, சேர்க்கையைச் சாக்காக வைத்து அவர் விலை குறைக்கச் சொன்னால் கொடுக்க அவசியமில்லை. வரியோடு கதவு வரை கொண்டுபோய்த் தரும் டீலாக இருந்தால் மட்டும், சரக்கு சுங்கத்தைத் தாண்டும் நாளில் உள்ள வரி எதுவோ அதுவே என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கோங்க.