ஸ்ட்ராடஜி கேமில் விண்டோ திறக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ராடஜி கேம், அதாவது திட்டமிட்டு ஆடும் கணினி விளையாட்டு, செய்யத் தொடங்குபவர்கள் தங்கள் முதல் வடிவத்தை என்னிடம் காட்டுவதுண்டு. எழுத்து சிறியது, பட்டன் நிறம் பொருந்தவில்லை என்பதையெல்லாம் அவர்களே சரிசெய்துவிடுவார்கள். எல்லாம் ஒரே திரையில் இருக்கட்டுமா, தனித்தனி விண்டோவாகத் திறக்கட்டுமா என்ற கேள்வியில்தான், அந்த நாளில் நாங்கள் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குகிறார்கள்.

முடிவெடுக்கும் நேரத்தில் மேப்பை மறைப்பது

அண்மையில் ஒரு மாணவரின் வணிகக் கேமைப் பார்த்தேன். துறைமுகங்களுக்கு இடையே கப்பல் விட வேண்டும். கப்பலைக் கிளிக் செய்தால் திரை முழுக்க ஒரு விண்டோ, அதில் ஊர்ப் பெயர்களின் பட்டியல். எந்த ஊர் பக்கத்தில் இருக்கிறது, எந்த வழியில் கடற்கொள்ளையர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் பின்னால் மறைந்துபோன மேப்பில். விளையாடிப் பார்த்த பெண் விண்டோவை மூடினார், மேப்பைப் பார்த்து ஊர்ப் பெயர்களைத் தாளில் குறித்தார், மறுபடி திறந்தார். "மூடிட்டுப் பார்த்துக்கலாமே" என்றார் மாணவர். இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. கேமின் சுவையே வழியைத் தேர்வதில் இருக்கும்போது, அந்த நொடியில் ஆட்டக்காரரின் கண்ணைக் கட்டிவிடுகிறோம்.

இதற்கு விடை கிடைத்து முப்பது வருடம் ஆகிறது. வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கி 1992-இல் வெளிவந்த டியூன் 2 என்ற போர் கேமில் எதை உருவாக்குவதானாலும் அதற்குரிய கட்டடத்தைத் தேடிப்போய் முதலில் கிளிக் செய்ய வேண்டும். அதே நிறுவனம் 1995-இல் கமாண்ட் அண்ட் காங்கரில் அந்தப் பட்டியலை வலது ஓரப் பட்டையில் நிரந்தரமாக வைத்தது. போர்முனையிலிருந்து கண்ணை எடுக்காமலே டாங்கிக்கு உத்தரவு கொடுக்கலாம்.

முழுத்திரை விண்டோ எப்போதும் தவறு என்று சொல்லவில்லை. 1991-இல் வந்த சிவிலைசேஷனில் நகரத் திரை மேப்பை மூடத்தான் செய்யும். ஆனால் அந்த நகரத்தின் கட்டத்தோடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள 21 கட்டங்களையும் அது தனக்குள்ளேயே காட்டும். எந்த நிலத்தில் மக்களை வேலைக்கு விடுவது என்ற முடிவுக்குத் தேவையான மேப் அங்கேயே இருக்கிறது. அதோடு அது முறைவைத்து ஆடும் கேம், யாரும் அவசரப்படுத்துவதில்லை.

இந்தத் தவறைக் கடைசியில் திருத்துவது பெரும்பாடு. விண்டோ திறந்திருக்கும்போது மேப் உறைந்திருக்கும் என்று நம்பியே மற்ற நிரல் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அந்த மாணவர் இப்போது கப்பல் நகரும் பகுதியையே புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். அதனால் நிரலுக்கு முன் தாளில் வரையுங்கள்: ஒவ்வொரு முடிவுக்கும் எவையெல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும்?

ஒரே திரைக்குள் எல்லாவற்றையும் திணிப்பது

இன்டு தி ப்ரீச் (2018) என்ற கேம் பார்க்க எளிமையாக இருக்கும். எட்டுக்கு எட்டு கட்டம், எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பதும் அதிலேயே தெரியும். அங்கே விதிகளே சிறியவை. நாற்பது வகைச் சரக்கு வைத்துக்கொண்டு அதே தோற்றத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

விண்டோக்களை மேயவிடுவது

டிரான்ஸ்போர்ட் டைகூன் (1994) ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு குட்டி விண்டோ திறக்கும், ரயில் ஓடுவது அதற்குள் தெரியும். பல விண்டோ வடிவமைப்புக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான். அதன் வழிவந்த ஓப்பன்டிடிடி-யில் வேண்டிய விண்டோவை மூடாதபடி பின் (pin) குத்தி நிறுத்தலாம். டெலீட் விசையைத் தட்டினால் பின் குத்தாதவை மூடிவிடும். இழுக்கக்கூடிய விண்டோ வைத்தால் இந்த இரண்டையும் வையுங்கள். அப்புறம், ஒரே விண்டோ இரண்டு முறை திறக்கக் கூடாது.

இரண்டாவது மானிட்டரை நம்புவது

சுப்ரீம் கமாண்டர் (2007) இரண்டாவது மானிட்டரில் தனி மேப் காட்டியது. ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. ஒற்றை மானிட்டரிலும் மவுஸ் சக்கரத்தை உருட்டி முழுப் போர்க்களத்தையும் பார்க்க முடிந்தது.

டூல்டிப்புக்குள் டூல்டிப்

மவுஸை ஒன்றின் மேல் வைத்தால் தோன்றும் குறிப்புதான் டூல்டிப். முதல் குறிப்பு மறையாமல் நிலைநிறுத்த வழி இல்லையென்றால் அதற்குள் இன்னொன்று வேண்டாம்.

விண்டோ திறந்தால் கேம் நிற்குமா?

முதல் நாளே முடிவெடுங்கள். நிற்கும் என்றால் திரையில் தெளிவாகக் காட்டுங்கள். நிற்காது என்றால், பின்னால் நடக்கும் தாக்குதலுக்கு ஓர் ஒலியும், அந்த இடத்துக்குத் தாவ ஒரு விசையும் வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் (1998) அதற்கு ஸ்பேஸ்பாரைக் கொடுத்தது, விசைப்பலகையிலேயே பெரிய விசை.