திரையில் கண்டதை வரலாறாகச் சொல்வதற்கு முன்

ஒரு படத்தை ரசிப்பதற்கு அது உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் திரையரங்கை விட்டு வெளியே வந்து, “சோழர் காலத்தில் இப்படித்தான் நடந்தது” என்று பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கும்போது நாம் சாட்சி சொல்பவர்களாகிவிடுகிறோம். அப்படிச் சொல்வதற்கு முன் செய்து பார்க்கக்கூடிய சில வழிகளை, சென்னைவாசிகளுக்கு எளிதில் கைகூடும் வகையில் இங்கே தருகிறேன்.

படம் ஓடும்போது சோதனையில் இறங்க வேண்டாம். முழு மனதோடு பாருங்கள். வீடு திரும்பிய பிறகு, மனத்தை விட்டு அகலாத இரண்டு மூன்று காட்சிகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே “இதை அப்போது யார் பார்த்திருக்க முடியும், யார் எழுதி வைத்திருக்க முடியும்?” என்று கேளுங்கள். பூட்டிய அறையில் இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் வசனம் ஏறக்குறைய எப்போதும் எழுத்தாளரின் படைப்புதான். நம்மை அதிகம் உலுக்குபவை பெரும்பாலும் அத்தகைய காட்சிகளே என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘பொன்னியின் செல்வன்’ இதற்கு நல்ல பயிற்சி. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவல் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாறு, கதையில் வரும் நந்தினி கற்பனை. கொலைச் சதிகாரனாக வரும் ரவிதாசனும் கற்பனைதான் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடிக் கோயிலில் உள்ள, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது அவர்களைச் சார்ந்தவர்களின் நிலங்களைப் பற்றிய ஆவணம். கொலையைத் தூண்டியவர் யார் என்று சொல்வதில்லை. அதனால்தான், கரிகாலனின் சிற்றப்பனும் பின்னர் அரசனானவனுமான உத்தம சோழன் மீது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகம் கொண்டார், மற்றொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு மௌனமாகும் இடத்தில் கதை பேசத் தொடங்குகிறது. அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதே உங்கள் வேலை.

இதற்காகத் தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. சோழர் மரபைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், சோழ முத்திரையிட்ட வளையத்தில் கோக்கப்பட்ட 31 ஏடுகள், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மக்கள் வேண்டியும் அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்) அரியணையை விரும்பவில்லை, சிற்றப்பன் அதை விரும்பினான் என்று அவற்றின் வடமொழிப் பகுதி கூறுகிறது. படத்தின் உச்சக்கட்டத்தை இந்தச் சில வரிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தனி இன்பம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதே வளாகத்தை ஒட்டிய கன்னிமாரா நூலகத்தில், தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியைக் கேளுங்கள். இந்தச் செப்பேடுகளின் பாடமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில்தான் உள்ளன.

அண்மைக் கால நிகழ்வுகளைத் தழுவிய படங்களுக்கு நீதிமன்றத் தீர்ப்புகளையும் அக்கால நாளிதழ்களையும் நாடலாம். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’, வழக்கறிஞராக இருந்தபோது கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய 1993ஆம் ஆண்டு வழக்கை அடிப்படையாகக் கொண்டது. உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர். படத்தில் இருளர்களாகக் காட்டப்பட்டனர். இந்த மாற்றத்தால் அநீதி பொய்யாகிவிடுவதில்லை, ஆனால் யாருக்கு அது நேர்ந்தது என்பதைச் சரியாகச் சொல்வது பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். பின்னணி இசை பலமாக இருந்தால் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்; இடமும் தேதியும் தெரிகின்றனவா என்று தேடுங்கள். நம்ப முடியாதது என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடவும் கூடாது. 2015 வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவிய செய்தி வெறும் வதந்தி; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர் அருகே சாலையைக் கடந்த முதலையின் காணொளி உண்மை. முன்னதைப் பண்ணையினரே மறுத்தார்கள், பின்னதை அதிகாரிகளே உறுதிசெய்தார்கள்.

குடும்பக் குழுவில் தவறான செய்தியை அனுப்பியவர் பெரியப்பாவோ அத்தையோ எனில், எல்லோர் முன்னிலும் திருத்தாமல் தனியாகத் தொலைபேசியில் அழைத்து, கிடைத்த ஆதாரத்தைச் சொல்லி, “நீங்களே குழுவில் போட்டுவிடுங்கள்” என்று கேளுங்கள்.