மூட்டை குறைந்தது, பற்று ஏறவில்லை: ஸ்டோர்டு புரொசீஜரில் பிழையைப் பிடிப்பது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பிசான அறுவடை நேரத்தில் ஒரு நாள் முதலாளி அழைத்தார். "தம்பி, கிட்டங்கியில் அம்பை 16 ரகத்தில் நாற்பது மூட்டை குறைந்திருக்கிறது. பேரேட்டைப் பார்த்தால் யார் பேரிலும் பற்று இல்லையே?"

மூட்டை எங்கும் போகவில்லை. என் ஸ்டோர்டு புரொசீஜருக்கு (சர்வரிலேயே சேமித்து வைத்து அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) இரண்டே வேலை: கிட்டங்கி அட்டவணையில் 40 கழிக்க வேண்டும், பிறகு பேரேட்டில் வியாபாரியின் பற்றை எழுத வேண்டும். கணக்குப்பிள்ளை வியாபாரி எண்ணை 117க்குப் பதில் 171 என்று தட்டிவிட்டார். அப்படி ஒரு வியாபாரியே கிடையாது. வியாபாரி பட்டியலில் இல்லாத எண்ணைப் பேரேட்டில் ஏற விடாத ஃபாரின் கீ தடுத்தது, 547 என்ற பிழை வந்தது. அவர் அந்தப் பிழைச் செய்திப் பெட்டியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். இந்த வகைப் பிழையில் எஸ்க்யூஎல் சர்வர் தவறிய வரியை மட்டும் கைவிடும். முந்தைய வரி செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறாது. பல வரிகளை ஒரே வேலையாகக் கட்டும் பிகின் டிரான்சாக்ஷன் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பிழைக்குப் பிறகும் அடுத்த வரிக்கு நடந்து போய் கமிட்டும் செய்துவிடும், அதாவது பாதி வேலையை நிலையாக்கிவிடும்.

ட்ரை பகுதியில் பிழை வந்தால் ஓட்டம் கேட்ச் பகுதிக்குத் தாவும். அங்கே ரோல்பேக் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறும், த்ரோ அதே பிழையை அழைத்தவருக்கு அனுப்பும். முழு வடிவம் இதுதான். தமிழ் எழுத்தில் தருகிறேன். கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டுங்கள். எக்ஸாக்ட் என்பது எக்ஸ் எழுத்தில்தான் தொடங்கும் (XACT).

செட் எக்ஸாக்ட்_அபார்ட் ஆன்;
பிகின் ட்ரை
பிகின் டிரான்சாக்ஷன்;
… கிட்டங்கியில் கழித்தல்;
… பேரேட்டில் பற்று எழுதுதல்;
கமிட் டிரான்சாக்ஷன்;
எண்ட் ட்ரை
பிகின் கேட்ச்
இஃப் எக்ஸாக்ட்_ஸ்டேட்() <> 0 ரோல்பேக் டிரான்சாக்ஷன்;
… பிழைப் பதிவேட்டில் எழுதுதல்;
த்ரோ;
எண்ட் கேட்ச்

முதல் வரி எதற்கு? டைம்அவுட் ஆகி இணைப்பு நடுவில் நின்றால் கேட்ச் ஓடவே ஓடாது. அப்போது டிரான்சாக்ஷன் திறந்தபடி தொங்காமல் காப்பது அந்த வரிதான்.

கேட்ச் பகுதியில் வரிசை மாறக் கூடாது. முதலில் ரோல்பேக், பிறகே பதிவேடு. மேலே எக்ஸாக்ட்_அபார்ட் போட்டிருப்பதால் பிழை வந்ததுமே டிரான்சாக்ஷன் கெட்டுவிடும். அதற்குள் எதையும் எழுத விடாது. ரோல்பேக் ஆன பிறகும் எரர்_நம்பர்(), எரர்_மெசேஜ்() இரண்டும் கேட்ச் முடியும் வரை கையில் இருக்கும், கவலை வேண்டாம்.

த்ரோ 2012 பதிப்பில் வந்தது. அதற்கு முந்தைய வரியின் அரைப்புள்ளியை விடாதீர்கள். ரோல்பேக் டிரான்சாக்ஷனுக்கு அடுத்து அரைப்புள்ளி இல்லாமல் த்ரோ வந்தால், த்ரோ என்பதை ஒரு சேவ்பாயிண்டின் (டிரான்சாக்ஷனுக்கு நடுவே பெயரிட்டு வைக்கும் இடம்) பெயர் என்று எண்ணி, அப்படி ஒன்று இல்லையே என்று கேட்கும். நான் ஒரு சாயங்காலத்தையே இதில் தொலைத்தேன். த்ரோவே இல்லாமல் கேட்ச்சைக் காலியாக விடுவது இன்னும் மோசம்: வேலை நடக்காது, நடந்ததாகவே திரை காட்டும்.

இருப்பில் 25 மூட்டைதான் இருக்கிறது, 40 கேட்கிறார்கள் என்றால்? சர்வருக்கு அது பிழையே அல்ல. 'இருப்பு 40க்குக் குறையாமல் இருந்தால்' என்ற நிபந்தனையோடு கழியுங்கள். உடனே அடுத்த வரியில், எத்தனை பதிவுகள் மாறின என்று சொல்லும் @@ரோகவுண்ட் சுழியமா என்று பார்த்து, 50001 என்ற எண்ணோடு 'இருப்பு போதவில்லை' என்று நீங்களே த்ரோ செய்யுங்கள். எண் 50000க்குக் குறையக் கூடாது. செய்தியைத் தமிழில் எழுதினால் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய 'என்' (N) எழுத்து வேண்டும். இல்லாவிட்டால் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும்.

எல்லாம் பிடிபடும் என்றும் சொல்லமாட்டேன். அட்டவணையின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால் அதே புரொசீஜரின் கேட்ச் பிடிக்காது. அதை அழைத்த புரொசீஜரின் கேட்ச்தான் பிடிக்கும். 1205 வந்தால் அது டெட்லாக்: இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து முட்டி நிற்க, சர்வர் ஒன்றைக் கைவிட்டிருக்கிறது. வேலையை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

சோதிக்க, வேண்டுமென்றே 171 கொடுத்து ஓட்டுங்கள். 547 திரைக்கு வர வேண்டும், பதிவேட்டில் ஒரு வரி ஏற வேண்டும், கிட்டங்கியில் ஒரு மூட்டைகூடக் குறைந்திருக்கக் கூடாது. ஆலையில் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து, அவர் கையாலேயே 171 என்று தட்டச் சொல்லித்தான் இதைக் காட்டினேன்.