எம்எஸ்-20-க்குச் சீக்வென்சர் இணைக்கும்போது

கோர்க் எம்எஸ்-20 சிந்தசைசரில் (1978) சாதாரண சீக்வென்சரை (நோட்டுகளை வரிசையாக மின்னழுத்தமாக அனுப்பும் கருவி) அப்படியே செருகினால் இரண்டு கோளாறுகள் வரும். முதலாவது சுருதி. பெரும்பாலான சீக்வென்சர்கள் ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 1 வோல்ட் கணக்கில் தருபவை: 1, 2, 3, 4 வோல்ட். எம்எஸ்-20 கேட்பதோ ஹெர்ட்ஸ்/வோல்ட், அதாவது ஆக்டேவுக்கு ஆக்டேவ் வோல்ட் இரட்டிப்பு: 1, 2, 4, 8. அதனால் 1-லிருந்து 2-க்கு ஆக்டேவ் சரியாக ஏறும். 2-லிருந்து 3-க்கு ச–ப அளவுதான். ட்யூனிங் குமிழைத் திருகிப் பயனில்லை. ஹெர்ட்ஸ்/வோல்ட் தரும் சீக்வென்சரே (கோர்க் எஸ்க்யூ-1 போல) சுலபமான வழி. சிவி (சுருதியைச் சொல்லும் மின்னழுத்தம்) கம்பியை 'விசிஓ 1+2 சிவி இன்' துளையில் செருகுங்கள்.

இரண்டாவது, ட்ரிகர், அதாவது நோட்டை ஒலிக்கச் சொல்லும் சிக்னல். எம்எஸ்-20-இன் ட்ரிகர் உள்ளீடு தரையோடு (கிரவுண்ட்) ஷார்ட் ஆகும்போதுதான் ஒலிக்கும். 5 வோல்ட் கேட் (நோட்டு நீடிக்கும் வரை சீக்வென்சர் தரும் மின்னழுத்தம்) கொடுத்தால் தலைகீழ்: நோட்டுகளுக்கு இடையில் இரைச்சல், நோட்டு வரும்போது மௌனம். சீக்வென்சரில் கேட் துருவத்தை மாற்றும் வசதி இல்லையென்றால், ஒரு 2என்3904 டிரான்சிஸ்டர் போதும். கேட்டை 10 கிலோஓம் வழியாக பேஸுக்கும், கலெக்டரை ட்ரிகர் உள்ளீட்டுக்கும், எமிட்டரைத் தரைக்கும் இணையுங்கள். இரு கருவிகளின் தரையும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். பழைய எம்எஸ்-20-க்கு 6.3 மிமீ ஜாக், அதன் சிறிய மறுவெளியீடான எம்எஸ்-20 மினிக்கு 3.5 மிமீ.